பின்சக்கரத்துக்கு இரண்டு புது டயர்

ஏகாம்பரத்துக்கு, அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். வண்டியும் நன்றாக இருக்கிறது. நீ வண்டியை விற்பதைப் பற்றித்தான் கேட்டிருக்கிறாய், அது எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை; ஆனாலும் சொல்லி வைக்கிறேன். உன் கடிதமும் அதற்குள் மடித்து வைத்த முத்திரைக் காகிதமும் திங்கட்கிழமைத் தபாலில் வந்து சேர்ந்தன. மேலே நீ கையெழுத்துப் போட்டு, கீழே எனக்கு இடம் விட்டு, அந்த இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளியும் வைத்திருக்கிறாய். அம்மாவுக்கு எங்கே கையெழுத்துப் போடுவது என்று தெரியாமல் போய்விடும் என்று பயந்தாயோ? மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள் நான். உனக்கு முதல் எழுத்தை எழுதக் கற்றுக்கொடுத்ததும் இந்தக் கைதான். அந்தக் காகிதத்தை அப்படியே மடித்து இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறேன். நான் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இத்தனை பக்கம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படி.

நீ சொன்ன காரணங்களை நான் தள்ளிவிடவில்லை. டயர் விலை இந்த வருஷத்தில் மூன்று தடவை ஏறிவிட்டது என்கிறாய். உண்மை. டியூப், கிரீஸ், என்ஜின் எண்ணெய், பிரேக் பட்டை, ஸ்பிரிங் பட்டை எல்லாம் அதன் பின்னாலேயே ஏறிவிட்டன என்கிறாய். அதுவும் உண்மை. நீ அதை மெட்ராஸில் பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்டாய். நான் வேலூரில் டயர்க் கடைக்காரர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். என்னைக் கண்டதும் கணக்குப்பிள்ளையிடம் ஏதோ பேசுவதுபோல் திரும்பிக்கொள்கிறார். "இன்னாங்க, போன மாசம் ஒண்ணு சொன்னீங்களே" என்றால், "போன மாசத்து வெல போன மாசத்தோட போச்சும்மா, நான் இன்னா பண்றது, கப்பல்ல வர்ற சரக்கு" என்கிறார். இதெல்லாம் தெரிந்துதான், ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவே ஓடுகிற நம் ஒற்றை பஸ்ஸை, ஏழு பஸ் வைத்திருக்கிற வேலூர் முதலாளிக்குக் கொடுத்துவிடு என்று எழுதியிருக்கிறாய். ஒரு விதவை தனியாக எத்தனை நாள் தாக்குப்பிடிப்பாள் என்ற வாக்கியத்தை நீயே எழுதினாயா, உன் மாமனாராகப் போகிறவர் சொல்ல எழுதினாயா என்று தெரியவில்லை. உன் நைனா போய் ஐந்து வருஷம் ஆகிறது. ஐந்து வருஷமாக அந்த விதவை ஓட்டிய பஸ்தான் உன்னைப் படிக்க வைத்துக் கப்பல் ஆபீஸில் கொண்டுபோய் உட்கார வைத்தது.

கடைசிப் பக்கத்துக்கு வந்த பிறகுதான் உன் மனசில் இருப்பது வெளியே வந்தது. பெண்ணின் அப்பா ஹெட் கிளார்க். சம்பந்தியம்மாள் பஸ் நிற்கிற இடத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறாள் என்பது அவர்கள் வீட்டில் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. சரி. அதைச் சொல்வதற்கு உனக்கு வாய் வரவில்லை என்பதிலாவது எனக்கு ஒரு சந்தோஷம். ஆனால் அதற்கு அடுத்த வரியைப் படித்துவிட்டு நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். பஸ் விற்ற பணத்தில் உன் பங்குக்குச் செகண்டு ஹாண்டாக ஒரு கார் வாங்கப் போகிறாயாம்! ஏண்டா, சம்பாதித்துப் போடுகிற பஸ்ஸுக்கு டயர் வாங்க முடியாது, சும்மா நிற்கிற காருக்கு வாங்க முடியுமா? எனக்கு ஒரு விலை, மாப்பிள்ளைக்கு ஒரு விலை என்று கப்பலில் பிரித்து அனுப்புகிறார்களா?

கார் என்றால் என்ன என்று உனக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். அது வாங்கும்போது ஒரு தடவைதான் பணம் கேட்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். மாசாமாசம் கேட்கும். பழைய எண்ணெயை இறக்கிவிட்டுப் புது எண்ணெய் ஊற்று என்று கேட்கும். பேட்டரிக்குத் தண்ணீர் கேட்கும். பிளக்கைக் கழற்றிக் கரி சுரண்டு என்று கேட்கும். முன்சக்கரம் கொஞ்சம் கோணலாக இருந்தால் ஒரு பக்கமாகவே டயரைத் தேய்த்துத் தின்னும், நீ பார்க்கிற பக்கம் புதுசாகவே இருக்கும், உள்பக்கம் கயிறு தெரிகிற வரைக்கும் உனக்குத் தெரியாது. குனிந்து பார்க்க வேண்டும். குனிந்து பார்ப்பதற்கு நீ ஜரிகை வேட்டியை மடித்துக் கட்ட வேண்டும். உன் நைனா தினமும் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால் நான்கு சக்கரத்தையும் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். சாமி கும்பிட்டுவிட்டுத்தான் அதைச் செய்வார் என்றாலும், இரண்டில் எதை அதிக பக்தியோடு செய்தார் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

போன மாசம் நடந்ததை உனக்கு யாரோ திரித்து எழுதியிருக்கிறார்கள் போலிருக்கிறது. நான் பஸ் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டு ஊரோடு சண்டை போட்டேன் என்று கேள்விப்பட்டாயாம். சண்டை இல்லை. டயர் விலை மூன்றாவது தடவை ஏறியதும் டிக்கெட்டுக்குக் காலணா ஏற்றினேன். ஏன் ஏற்றினேன் என்று ஜனங்களுக்குத் தெரிய வேண்டுமே. அதற்காக, ஸ்டெப்னியை மாட்டிவிட்டுப் பின்சக்கரத்திலிருந்து கழற்றிய பழைய டயரை டிரைவர் முனிசாமியை விட்டு உருட்டிவரச் சொல்லி, என் ஸ்டூலுக்கு முன்னால் படுக்கப் போட்டேன். தோல் பதனிடுகிற ஷாப்புக்கு வேலைக்குப் போகிறவர்கள், வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், மாதனூரில் இறங்குகிற காய்கறிக்காரிகள் என்று எல்லோரும் அதைச் சுற்றி நின்றார்கள். தோல் மண்டித் தரகர் காதர் பாய் உனக்கு ஞாபகம் இருக்கும், வாரம் இரண்டு தடவை நம் வண்டியில் வருகிறவர். அவர்தான் முதலில் பேசினார்.

"இன்னா தங்கச்சி, இப்படி ஜாஸ்தி பண்ணிட்டே? அந்த வண்டியில கம்மியா வாங்குறாங்க. பேஜாரா போச்சு போ."

"இதோ கெடக்குதே பாய், இந்த டயரையே திரும்ப மாட்டச் சொல்றேன். பழைய டிக்கெட் காசே குடுங்க. வர்றீங்களா?"

அவர் குனிந்து டயரைத் தொட்டுப் பார்த்தார். ரப்பர் போய்க் கயிறு தெரிகிற இடத்தில் அவர் விரல் உள்ளே போய்விட்டது. விரலை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். "அதுல எவன் வருவான்" என்று முனகிக்கொண்டே காலணா சேர்த்துக் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். ஆனால் உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். அவரோடு சேர்த்து அன்றைக்குப் பதினோரு பேர்தான் ஏறினார்கள். மற்றவர்களெல்லாம் பின்னால் வந்த முதலாளியின் வண்டிக்குப் போய்விட்டார்கள். அது கூரைமேல் வேலூர் மண்டிக்குப் போகிற உப்புத்தோல் கட்டுகளை ஏற்றிக்கொண்டு, படியில் ஆறு பேரைத் தொங்கவிட்டுக்கொண்டு, எங்களைத் தாண்டிக்கொண்டு போயிற்று. இன்றைக்கு வரைக்கும் நம் வண்டி முழுசாக நிறையவில்லை. ஒரு நாளைக்கு மூன்று நடை போய்வந்துகொண்டிருந்ததை இரண்டு நடையாகக் குறைத்துவிட்டேன். பதினோரு பேர் பதினைந்து பேராகியிருக்கிறார்கள். காதர் பாய் மட்டும் ஏறும்போதெல்லாம் பின்சக்கரத்தை ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறார்.

அவர் என்னிடம் தனியாக ஒன்று சொன்னார். "தோலு ஏத்து தங்கச்சி. மண்டியிலேர்ந்து வாரத்துக்கு ரெண்டு கட்டு நான் தர்றேன். டயர் காசு தானா வரும்." நான் முடியாது என்றேன். அவருக்கு ஆச்சரியம். முன்பெல்லாம் ஏற்றிக்கொண்டிருந்தவள்தானே, தானே வந்து கேட்டு வாங்கி ஏற்றினவள்தானே என்று நினைத்திருப்பார். ஏன் முடியாது என்பதை அவரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொன்னதில்லை. ஏகாம்பரம், உன் கடிதத்தில் மூன்றாம் பக்கத்தில் நீ ஒரு வரி எழுதியிருக்கிறாய். "நைனாவின் அஜாக்கிரதையால் நமக்கு ஒரு தடவை வந்த கஷ்டம் போதும், அவரைத் தின்ற வண்டி நமக்கு வேண்டாம்." இந்த வரி மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் நான் இரண்டே வரியில் பதில் எழுதியிருப்பேன். இந்த வரிக்குத்தான் இத்தனை பக்கம்.

உன் நைனா அஜாக்கிரதைக்காரர் இல்லை. இதை நான் ஐந்து வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்.

அந்த வருஷமும் டயர் விலை ஏறியது. இப்போது ஏறியதுபோல் இல்லை என்றாலும், எனக்கு அதுவே மலைப்பாக இருந்தது. உன் மெட்ராஸ் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டிய சமயம். நான்தான் காதர் பாயிடம் போய் உப்புத்தோல் கட்டுகளைக் கேட்டு வாங்கினேன். வேலூர் மண்டியில் உப்புப் போட்டு மடித்துக் கட்டிய பச்சைத் தோலை ஆம்பூர் ஷாப்புகளுக்குக் கொண்டுவர வேண்டும். வண்டியின் பின்பக்கம் வைத்துக் கட்டினால் ஒரு நடைக்கு எட்டு டிக்கெட்டு வந்த மாதிரி. நாற்றத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, நம் ஊரில் அதற்கு யார் மூக்கைப் பிடிப்பார்கள்? ஆனால் அந்தத் தோலிலிருந்து உப்புத் தண்ணீர் ஒழுகிக்கொண்டே வரும். மண்டியில் அதைப் புளியமரத்தடியில் போட்டால் மரத்தடியில் புல் முளைக்காது. நம் வண்டியில் அது சரியாகப் பின்சக்கரத்தின் மேல் விழுந்தது. டயருக்காக ஏற்றின தோல், டயர் உட்கார்ந்திருக்கிற இரும்பை அரித்துக்கொண்டிருந்தது. தோல் ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு உப்பு இரும்பை என்ன செய்யும் என்று தெரியாதா? தெரியும். காசு வருகிறதே என்று பார்க்காமல் இருந்தேன்.

பஸ் சக்கரத்தில் டயரைப் பிடித்து நிறுத்துவதற்கு ஓர் இரும்பு வளையம் இருக்கும். காற்று ஏற ஏற அது பள்ளத்தில் இறுகி உட்கார வேண்டும். உப்பு அரித்த வளையம் உட்காராது. உன் நைனா அதைப் பார்த்துவிட்டார். செவ்வாய்க்கிழமை காலை, சக்கரத்தைத் தடவிவிட்டு எழுந்து வந்து உள்ளங்கையை என்னிடம் காட்டினார். கை முழுக்கச் சிவப்பாகத் துரு. "வளையம் பொருக்குப் பொருக்கா வருது. இன்னிக்குத் தோலு வேணாம். மொதல்ல வளையத்த மாத்திடுவோம்" என்றார்.

"இன்னும் நாலு நடை ஏத்துங்க. வளையமும் வாங்கலாம், டயரும் வாங்கலாம். நாலே நடை" என்றேன்.

"வேணாங்கறேன்."

"நீங்க வேணாம்னுவீங்க. மெட்ராஸுக்குப் பணம் யாரு அனுப்புறது, நானா?"

இதுதான் நான் சொன்னது. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அவர் சிரித்தார். "உன் வாயில ரப்பர் எடுத்து டயர் செஞ்சா தேயவே தேயாது" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். கோபத்தோடு போகவில்லை, அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். நான்கு நடையில் மூன்றாவது நடையில், மாதனூர் தாண்டி டியூபில் காற்று இறங்கிவிட்டது. பயணிகளை இறக்கி நிழலில் உட்காரச் சொல்லிவிட்டு, அவரும் அப்போது கண்டக்டராக இருந்த முனிசாமியுமாக டியூபை ஒட்டிப் போட்டார்கள். அவர் குனிந்து பம்பு அடித்துக்கொண்டிருந்தார். வளையம் தெறித்து அவர் நெஞ்சில் அடித்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார்.

காற்று இருக்கும்போதே வளையத்தைச் சுத்தியால் தட்டினார், அதனால்தான் தெறித்தது என்று யாரோ ஒருவர் சொன்னார். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. அஜாக்கிரதை என்று முதலில் சொன்னவர் யார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அதை மறுக்காமல் இருந்தவள் நான். முனிசாமி எனக்குத் தனியாகச் சொன்னான்: "அக்கா, அண்ணன் சுத்தியத் தொடவே இல்ல. நான் எங்க வேணா வந்து சொல்றேன்." அப்போதும் நான் அவனைச் சும்மா இருக்கச் சொன்னேன். நீ மெட்ராஸிலிருந்து வந்து, கருமாதிக்கு மொட்டை போட்டுக்கொண்டு நின்றாய். நைனா ஏன் இப்படி அவசரப்பட்டார் என்று அழுதாய். உன் தலையைத் தடவினேனே தவிர, அவர் அவசரப்படவில்லை, நான்தான் அவசரப்படுத்தினேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உனக்கு என் மேல் வெறுப்பு வந்துவிடும் என்று பயம். இன்றைக்கும் அந்தப் பயம் இருக்கிறது. ஆனாலும் எழுதிவிட்டேன்.

இப்போது சொல், வண்டியா அவரைத் தின்றது? வண்டி தனக்கு என்ன வேண்டும் என்று அவர் உள்ளங்கையில் சிவப்பாக எழுதிக் காட்டியது. அவர் அதைப் படித்து என்னிடம் கொண்டுவந்து காட்டினார். படிக்க மாட்டேன் என்றவள் நான். ஆகவே கோபப்படுவதானால் என் மேல் படு. எவ்வளவு வேண்டுமானாலும் படு, தாங்கிக்கொள்வேன். அவர் பேரை மட்டும் இனிமேல் அந்த வார்த்தையோடு சேர்த்து எழுதாதே. உன் மாமனார் வீட்டில் யாராவது அவர் எப்படிப் போனார் என்று கேட்டால், நடந்ததை நடந்தபடி சொல்.

வேலூர் முதலாளிக்கு ஏன் கொடுக்க மாட்டேன் என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. நான் ஐந்து வருஷத்துக்கு முன்னால் எப்படி இருந்தேனோ அப்படித்தான் அவரும் இருக்கிறார், ஏழு மடங்காக. அவர் வண்டிகள் எல்லாம் கூரையில் உப்புத்தோலும் உள்ளே ஆட்களுமாக ஓடுகின்றன. டயர் விலை ஏறினால் அவர் டிக்கெட்டை ஏற்ற மாட்டார், தோல் கட்டை ஏற்றுவார். நம் வண்டியும் அவர் கைக்குப் போய்விட்டால் இந்த ரோட்டில் ஜனங்களுக்கு வேறு வண்டி கிடையாது. காலணா கூடக் கொடுத்து நல்ல சக்கரத்தில் போகலாம் என்று நினைக்கிற அந்தப் பதினைந்து பேருக்கும் போக்கிடம் இருக்காது. அவர்களுக்காக நான் தியாகம் செய்கிறேன் என்று நினைக்காதே. எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. காலையில் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு கையில் டிக்கெட் புத்தகத்தை வைத்துக்கொண்டு, "ஏறுங்க, ஏறுங்க, பள்ளிகொண்டா, வேலூர்" என்று நானே கூப்பிடுகிறேன். என் தொண்டை வேலூர் முதலாளியின் ஆட்கள் இரண்டு பேர் தொண்டைக்குச் சமம். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

கல்யாணம் கட்டிக்கொள்ளப் போகிறவனுக்கு அம்மா நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது ஒன்றுதான். உன் வீட்டுக்காரி என்றைக்காவது உள்ளங்கையை நீட்டி, இது வேண்டாம், முதலில் இதைச் சரிசெய்வோம் என்று காட்டினால், கையைப் பார். பணம் யார் அனுப்புவது என்று கேட்காதே. அந்தக் கேள்விக்கு அவர்களிடம் பதில் இருக்காது என்று தெரிந்துதான் நாம் கேட்கிறோம்.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும், கல்யாணத்தன்று பார்த்துவிட்டு முகம் சுளிக்காதே. உன் கல்யாணத்தில் என் பங்குக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பணத்தில், போன வாரம் பின்சக்கரத்துக்கு இரண்டு புது டயரும் இரண்டு புது வளையமும் வாங்கிவிட்டேன். ஆகையால் மாப்பிள்ளை அழைப்புக்கு நான் பேசுவதாகச் சொன்ன பெரிய மேளம் கிடையாது. இங்கிருந்து வருகிற பத்துப் பதினைந்து சொந்தக்காரர்களுக்கு ரயில் டிக்கெட்டும் எடுக்கப்போவதில்லை. மெட்ராஸ் வரைக்கும் வண்டி ஓட்டத் தனி அனுமதிச் சீட்டு வாங்கியாகிவிட்டது. முனிசாமி ஓட்டுவான். மாலைக் கட்டையும் பலகாரக் கூடையையும் பின்பக்கம் ஏற்றிக்கொண்டு, பெண் வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். ஹெட் கிளார்க் வெளியே வந்து பார்க்கட்டும்.

நான் எழுதியதைப் படித்த பிறகு, உன் நைனாவைக் கொன்றவள் முகத்தைப் பார்க்க முடியாது என்று உனக்குத் தோன்றலாம். தோன்றினால், கல்யாணத்துக்கு வராதே என்று ஒரே ஒரு வரி எழுதிப் போடு. நான் வர மாட்டேன். உன்னை ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வரி வந்தாலும் கையெழுத்துப் போட மாட்டேன். மறுநாள் காலையில் வண்டி வழக்கம்போல வேலூருக்குப் போகும். அந்த வரி வராவிட்டால், கல்யாணத்துக்கு முந்தின வியாழக்கிழமை விடிந்ததும் நான்கு சக்கரத்தையும் என் கையாலேயே தடவிப் பார்த்துவிட்டு, உன்னைப் பார்க்கக் கிளம்புவேன்.

அம்மா